நாயைக் கடித்தது நான் அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாகவும், உன் ரத்த அழுத்தம் அளவாகவும் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். பக்கத்து வீட்டு நாயை நான் கடிக்கவில்லை. உன் மனைவி தன் தங்கையிடம் அப்படிச் சொல்லி, தங்கை தன் சம்பந்தியம்மாளிடம் சொல்லி, அந்த அம்மாள் நேற்று எனக்கே போன் செய்து, "ஏங்க, பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அக்கறையாக விசாரித்தார். தம்பி, நான் கான்வென்டில் படித்தவள். சாப்பாட்டு மேஜையில் முழங்கையை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கே ஒரு வருஷம் பாடம் கேட்டவள். நாயைக் கடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்திருந்தால்கூட முதலில் அதன் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டிருப்பேன். நம் குடும்பத்தில் ஒருவர் அந்த நாயைக் கடித்தது உண்மை. அது நான் அல்ல, உன் பேத்தி. நாய் திருப்பிக் கடித்ததும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலே எழுதுகிறேன்.

இதை போனில் சொல்லக் கூடாதா என்று நீ நினைப்பாய். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் அதைக் கேட்காதே. போனில் சொன்ன சொல் எவ்வளவு தூரம் போகும், போகிற வழியில் எப்படியெல்லாம் புரண்டு எழும் என்று எனக்குத் தெரியும். தவிர, உன்னோடு போனில் பேசுவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் நீ 'ம்' என்பாய். உன் மனைவி எதைச் சொன்னாலும் அதற்கும் 'ம்' என்பாய். உன் மகள் சொன்னதற்கும் 'ம்' என்றிருக்கிறாய். மூன்று பேரும் நீ எங்கள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. உன் மகள் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் இருட்டிவிடும். புள்ளிக்கோ மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பிறந்தபோது ஒரு புள்ளி அளவுக்குத்தான் இருக்கிறாள் என்று நீதான் அந்தச் செல்லப் பெயரை வைத்தாய். இப்போது நிறுத்தாமல் பேசுகிறாள். பள்ளி வேன் அவளை என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். கை கழுவி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, அம்மா வரும் வரை என்னிடம் இருப்பாள். முதல் நாளே அவள் பென்சில் பிடிக்கும் விதத்தைத் திருத்தினேன். அன்றிலிருந்து என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறாள். "பாட்டின்னு கூப்பிடுடி" என்று உன் மகள் சொல்லிப் பார்த்தாள். "பாட்டின்னா மடியில வச்சுக்குவாங்க. இவங்க தப்பு கண்டுபிடிக்கிறாங்க" என்றது குழந்தை. கவனித்துச் சொன்ன சொல்லாக இருந்ததால் நான் ஆட்சேபிக்கவில்லை.

போன மாதம் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் பல் வந்தது. அவளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு முளைத்தது. எனக்குப் பல் டாக்டர் புதுப் பல்செட் கொடுத்தார். "உங்களுக்கு எல்லாமே புதுசு மிஸ், எனக்கு ரெண்டுதான்" என்று அவளுக்குப் பொறாமை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பழகும்படி பல் டாக்டர் சொல்லியிருந்ததால், ஒரு நாள் அவள் எதிரில் ஒரு முழு ஆப்பிளை எடுத்துக் கடித்தேன். எத்தனை வருஷம் கழித்து ஆப்பிளை நறுக்காமல் கடிக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. அந்தப் பெருமையில், "புதுப் பல் என்றால் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். என் பங்கு ஆப்பிளோடு முடிந்தது. அதற்குப் பிறகு பென்சிலிலும், அடிக்கோலிலும், சோபாவின் கைப்பிடியிலும், என் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் தென்பட்ட இரட்டைப் பல் தடங்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி நாய். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. தனி ஆள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க 'மேனேஜர் கூப்பிடுறார்' என்ற சொல்லைக் கேட்டு எழுந்து ஓடிய மனிதர், ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக ஒரு நாயை வாங்கி அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். "மேனேஜர், உட்காரு!" "மேனேஜர், வாயை மூடு!" "மேனேஜர், அந்தச் செருப்பை எங்க கொண்டுபோய் வச்ச?" என்று நாள் முழுக்க அங்கிருந்து சத்தம் வரும். அவருக்கு அதில் ஒரு நிம்மதி. காபி நிற நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். "உங்க நாய் சொன்ன பேச்சைக் கேட்கவே கேட்காதா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன். "மேனேஜர் இல்லையாம்மா, அது எப்படிக் கேட்கும்?" என்றார். அவ்வளவு மரியாதையாக ஒரு நாயைக் கெடுத்து வைத்திருந்தார். வெயில் ஏறினால் வேலியில் உள்ள சந்து வழியாக நுழைந்து என் வீட்டு வராந்தாவில் வந்து படுத்துக்கொள்ளும். விரட்டினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்.

சம்பவம் நடந்த அன்று புள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. "மேடம் குறட்டை விட்டது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்று குமாஸ்தா உன் மகளிடம் சொல்லியிருக்கிறார். நான் குறட்டை விடுவதில்லை. என் கணவர் இருந்த வரைக்கும் இது விஷயமாக ஒரு புகாரும் வந்தது கிடையாது. கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போனது வேறு விஷயம்.

முதலில் கேட்டது நாயின் அலறல். அதற்குப் பிறகுதான் குழந்தையின் அலறல். இந்த வரிசையை நீ கவனிக்க வேண்டும்; உன் மகள் கவனிக்கவில்லை. எழுந்து போனேன். ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், என் முழங்கால் அதை நம்பாது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. அவசர அழைப்பு வந்தால் முதலில் எங்கே, அடுத்து என்ன, கடைசியில் யார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. அது ஆற அமரக் கேட்க வேண்டியது. அதே முறையில் கேட்டேன். "எங்கே?" "கையில." "என்ன?" "ரத்தம்." "யார்?" "மேனேஜர்." அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் பதில் சொன்ன அந்தப் பெண்ணைப் போல எல்லோரும் இருந்திருந்தால், எங்கள் நிலையத்தில் பாதி அழைப்புகள் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

இடது முன்கையில் இரண்டு ஓட்டை, ஒரு நீளக் கீறல். நேரே குழாயடிக்குக் கூட்டிப்போய் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டேன். கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது, எதையும் அப்பக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா காபித்தூள் டப்பாவோடு வந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர் சுண்ணாம்பு கேட்டார், கிடைக்காததால் தடி கேட்டார். "இன்னும் என்னம்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க? நாயை ஒரே போடா போட்டுடணும்" என்றார். "நாயைக் கொன்றுவிட்டால் அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்று உங்களைப் பார்த்தா தெரிந்துகொள்வது? தடியைக் கீழே வையுங்கள்" என்றேன். வைத்தார். குமாஸ்தா வேட்டியைப் பிடித்தபடி வந்து நின்று, "இது கடி இல்லம்மா, கவ்வல். சும்மா விளையாட்டுக்குக் கவ்வியிருக்கு" என்றார். "ரத்தம் வந்தால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை சார். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று நேரம் சொல்லுங்கள்" என்றேன். அவர் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலதிகாரியின் முன் நிற்பதுபோல் நின்றார். அழுகிற பிள்ளைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். இரண்டில் ஆரம்பித்து விம்மிக்கொண்டே நான்கு வரைக்கும் வந்தாள். நாலாறு இருபத்தாறு என்றாள். அன்றைக்கு மட்டும் திருத்தவில்லை.

நான் பதறிப்போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுததாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அங்கே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. கண்ணில் தூசி விழுந்தது. மேற்கொண்டு அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்ன கடிச்சது?" என்று கேட்டாள். "மேனேஜர்" என்றது குழந்தை. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, எங்களோடு வேர்த்து வழிய நின்ற குமாஸ்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விளக்கினோம். டாக்டர் சின்னப் பெண்தான். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன், நீ உன் மகளுக்குப் படித்துக் காட்டு: "இவ்வளவு நல்லா கழுவிட்டு வந்தவங்களை நான் பாத்ததே இல்லை. யார் கழுவினது?" நான் சும்மா இருந்தேன். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் சொன்னேன்.

அப்போது பார்த்து உன் மகள் அலுவலக அட்டை கழுத்தில் ஆட உள்ளே ஓடி வந்தாள். அதே நேரம் டாக்டர் குழந்தையிடம், "நாயை நீ ஏதாவது தொந்தரவு பண்ணியா கண்ணு?" என்று கேட்டாள். "தொந்தரவு பண்ணலை. காதைக் கடிச்சேன்" என்றாள் புள்ளி. "எதுக்கும்மா?" "புதுப் பல்லு. சோதிச்சுப் பாத்துத்தான் நம்பணும். மிஸ் ஆப்பிளைக் கடிச்சாங்க. நான் மேனேஜரைக் கடிச்சேன். நிக்கிற காது இல்ல, தொங்குற காது. அதான் மெத்துனு இருந்துச்சு." உன் மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அத்தை, என்ன சொல்லிக்குடுத்தீங்க இவளுக்கு?" "ஆப்பிள்" என்றேன். அந்த ஒரு சொல்தான் போன் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நானும் குழந்தையும் ஆளுக்கொரு காதைக் கடித்ததாக ஆகிவிட்டது.

காயத்தைச் சுற்றி ஊசி, தோளில் ஒரு ஊசி. மிச்சத்துக்கு எந்தெந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள், போட்டு முடிந்ததும், "மேனேஜருக்கும் ஊசி போடணும். நானும் கடிச்சிருக்கேன்ல?" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாயைப் பத்து நாள் கண்ணுல படற மாதிரி வச்சிருங்க. வெளியில விடாதீங்க. சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, குணம் ஏதாவது மாறுதான்னு பாருங்க. கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சாலும் உடனே வாங்க." தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டதற்குக் குமாஸ்தா, "போட்டாச்சு டாக்டர். போன வருஷமோ, அதுக்கு முந்தியோ" என்றார். தன் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும்போது வீடு முழுக்கத் தேடுகிறவரை நம்பி ஒரு நாயைக் கண்காணிக்க விட முடியுமா? அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இதைத்தான் 'குழந்தையைக் கடிச்ச நாய்க்கு அக்கா சோறு போட்டு வளர்க்கிறாங்க' என்று உன் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கொஞ்சம் இரு. கதவை யாரோ பிராண்டுகிறார்கள்.

காற்றுதான். தொடர்கிறேன்.

குணம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் இருந்த குணம் என்ன என்று தெரிய வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலமே குமாஸ்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "உங்கள் நாயின் வழக்கமான குணம் என்ன சார்?" "நல்ல குணம்மா." "அது சான்றிதழில் எழுதுகிற வார்த்தை. விவரமாகச் சொல்லுங்கள்." யோசித்தார். "செருப்பைத் தூக்கிட்டுப் போகும். தபால்காரரைப் பிடிக்காது. சாப்பாட்டுத் தட்டைக் கீழ வைக்கிறதுக்குள்ள வாய வச்சுடும். கூப்பிட்டா வராது, கூப்பிடாட்டி வரும். எங்க மேனேஜரும் இப்படித்தான் இருந்தார்" என்று சொல்லிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். மறுநாள் அவர் மகளுக்குப் பிரசவம் என்று செய்தி வந்தது. நாயையும் கூடவே கூட்டிப்போகப் பார்த்தார். "அது எங்கேயும் போகக் கூடாது" என்றேன். "அப்ப யாரும்மா பாத்துக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டார். அப்படித்தான் தம்பி, எனக்கு விருப்பம் இல்லாமலே அது என் வீட்டுக்குள் வந்தது.

வந்தது என்றால் சேற்றுக் காலோடு வந்தது. என் வீட்டில் யாரும் கால் துடைக்காமல் உள்ளே வருவதில்லை, நீகூட வருவதில்லை. மிதியடியின் மேல் நிறுத்தி நாலு காலையும் துடைத்தேன். முறைத்துப் பார்த்தது. தட்டை வைத்ததும் பாய்ந்தது. தட்டை எடுத்துவிட்டு, "உட்கார்" என்றேன். கத்தவில்லை. வேலையில் இருந்தபோது இரைகிறவர்களிடம் பேசுவேனே, அந்தக் குரலில் சொன்னேன். நாய் என்னைப் பார்த்தது. நான் நாயைப் பார்த்தேன். இருவருக்கும் நேரம் நிறைய இருந்தது. கடைசியில் உட்கார்ந்தது. அதுவரை அதனிடம் யாரும் பொருள்படப் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். பாதி வாரத்துக்குள் மிதியடியில் தானாக நின்று காலைக் காட்ட ஆரம்பித்தது. தபால்காரர் வந்தால் எழுந்து நிற்கிறது, குரைப்பதில்லை. செருப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, கொண்டுவந்து வைக்கிறது. அது தெருவில் யாருடைய செருப்பு என்பதை மட்டும் நான் விசாரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு நானே போய் டாக்டரிடம் சொன்னேன். நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது. "குணத்துல ஏதாவது மாற்றம்?" என்று கேட்டாள். நான் உண்மையை மட்டுமே பேசப் பழக்கப்பட்டவள். "முழுக்க மாறிவிட்டது" என்றேன். அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், நர்ஸைக் கூப்பிட்டாள், போனை எடுத்தாள். "என்ன பண்ணுதும்மா? சீக்கிரம் சொல்லுங்க!" "கால் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. சொன்னால் உட்காருகிறது. முன்பு சொன்னால் கேட்காது" என்றேன். டாக்டர் போனைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, "உங்க வீட்ல ஒரு பத்து நாள் தங்கினா யாருக்குமே அப்படித்தான்மா ஆகும்" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். நாய்க்கு ஒன்றும் இல்லை, குழந்தைக்கும் பயமில்லை என்று அவள் வாயால் கேட்டபோது மறுபடியும் அந்த மின்விசிறி.

குமாஸ்தா பேரனைப் பார்த்துவிட்டு வந்ததும் நாயை முறைப்படி அவரிடம் ஒப்படைத்தேன். சங்கிலி, தட்டு, துவாலை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதோடு எனக்கும் அந்த நாய்க்கும் உள்ள தொடர்பு முடிந்தது.

மறுபடியும் காற்று. எழுந்து போய்க் காற்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது எதற்காக இவ்வளவு நீளமாக எழுதினேனோ அதற்கு வருகிறேன். அதுவரை உன் மகள் விடுப்பு எடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்த குழந்தை, நாயின் பத்து நாள் முடிந்தால் பழையபடி என்னிடம் வருவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டதாக உன் மகள் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்களுக்கும் ஓய்வு வேணும் அத்தை" என்றாள். ஓய்வு எனக்குப் போதுமான அளவு இருக்கிறது, தம்பி. என் ஓய்வூதியப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. "அத்தைக்கு வயசாயிடுச்சுப்பா, பாத்துக்க முடியல" என்று உன்னிடம் அவள் சொன்னதும், நீ 'ம்' என்றதும் என் காதுக்கு வந்துவிட்டது. வயதாகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அதில் மறுக்க என்ன இருக்கிறது? பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதை மறுக்கிறேன். பிள்ளைகளை யார் வளர்த்தாலும் ஒரு நாள் ஏதாவது ஒன்று கடிக்கும். கடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் பேச்சு.

அந்தக் காப்பகத்தைத் தற்செயலாக மூன்று முறை கடந்துபோனேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டு எழுதுகிறார்கள், பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி கூடத் திருத்துவதில்லை. வேன் வருகிற நேரத்துக்கு என் கால் தானாக வாசலுக்குப் போகிறது. இன்றைக்கும் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்து, இரண்டு தட்டு எடுத்துவைத்திருந்ததில் ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்தேன். பல் தடம் உள்ள பென்சில் ஒன்று மேஜையில் கிடக்கிறது. அதைச் சீவவில்லை. ஆதாரமாக வைத்திருக்கிறேன், வேறு காரணம் இல்லை.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். உன் மகள் நீ சொன்னால் கேட்பாள். என்னைப் போலவே பிடிவாதக்காரி, ஆனாலும் அப்பா பேச்சைத் தட்ட மாட்டாள். புள்ளி என்னிடம் திரும்ப வருகிறாளா இல்லையா என்று அவளோடு பேசி முடிவு செய். உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும், நல்ல செரிமானமும், இரவில் இடையில் எழாத தூக்கமும் கிடைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. உன் மனைவியின் தங்கைக்கும், அந்தச் சம்பந்தியம்மாளுக்கும் என் பற்கள் அனைத்தும் நலம் என்று தெரிவிக்கவும்.

அன்புடன்,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போன கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். காப்பகத்திலிருந்து போன் வந்தது. உன் மகள் ஏதோ கூட்டத்தில் இருந்தாளாம், எடுக்கவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இன்னொரு எண் என்று அவள் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். யார் எண்ணைக் கொடுத்தாள் என்பதை நீ கவனிக்க வேண்டும். நான் கவனித்தேன். அந்தக் காப்பகத்து அம்மாள் படபடவென்று பேசினாள். "நிதானமாகச் சொல்லுங்கள். எங்கே?" என்றேன். "தோள்லங்க." "என்ன?" "பல்லு பட்டிருக்கு." "யார்?" "உங்க குழந்தைதாங்க கடிச்சது." உங்கள் குழந்தை என்றாள். திருத்த வேண்டிய தவறுதான். திருத்தவில்லை.

உடனே போனேன். இந்த முறை ஓடினேன் என்றே எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவன் ஐந்து வயதுப் பையன். 'உன் பல்லு பொய்ப் பல்லு' என்று இவளைச் சொன்னானாம், இவள் நிரூபித்திருக்கிறாள். தோல் கிழியவில்லை. இருந்தாலும் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன், அவனை வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒரு பத்து நாள் வீட்டுல வச்சுப் பாருங்கம்மா. குணம் மாறினா கூட்டிட்டு வாங்க" என்றாள் அந்த அம்மாள். அந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் மகளுக்கு போன் செய்து விவரத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டாளா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டுவிட்டாள்.

மேலே எழுதியதில் சில திருத்தங்கள் உண்டு. நாயை ஒப்படைத்தேன் என்பது உண்மை; அன்று சாயங்காலமே அது வேலிச் சந்து வழியாகத் திரும்பி வந்து மிதியடியில் நின்றதை எழுத விட்டுப்போயிற்று. குமாஸ்தா தினமும் வந்து பார்த்துவிட்டு, "மேனேஜருக்கு மாற்றல் ஆயிடுச்சும்மா, நான் என்ன பண்றது?" என்று சொல்லிப் போகிறார். காற்று என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் நாய் என்று படிக்கவும். இப்போது அது மேஜைக்கு அடியில் ஒரு பக்கம் படுத்திருக்கிறது, புள்ளி மறுபக்கம் உட்கார்ந்து பென்சிலைச் சரியாகப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறாள், நடுவில் என் கால்கள் இருக்கின்றன. அவள் அதன் காதைப் பார்க்கும்போதெல்லாம் அது காதை மடக்கிக்கொள்கிறது. சம்பவம் நடந்த பத்தியில் 'தூங்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன்; அந்தச் சொல்லை நீயே அடித்துவிடு. இனிமேல் மத்தியானத்தில் நான் கண்ணை மூடினால் மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார் என்று எங்களுக்குள் ஏற்பாடு.

பத்து நாள் வரைக்கும் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பதினோராம் நாளிலிருந்து குழந்தை எங்கே இருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உன் மகளிடம் பேசிவிட்டு, 'ம்' இல்லாமல், எழுத்தில் பதில் அனுப்பு.